அம்மனுக்குப் போட்ட உப்பு

சென்ற மாதம் ஹேமா எனக்கு ஒரு படம் அனுப்பினாள். ஷா ஆலாமில் நான் வேலை பார்த்த தனியார் சோதனைக்கூடத்தில் இப்போது என் மேசையில் உட்கார்ந்திருப்பவள் அவள். படத்தில் ஓர் அட்டைப்பெட்டி, அதற்குள் பழைய நாளிதழில் சுற்றிய என் கண்ணாடிக் குழாய்கள். கீழே இப்படி எழுதியிருந்தாள்: "அக்கா, புது மெஷின் வந்தாச்சு. தண்ணிய உறிஞ்சுனா மூணு நிமிஷத்துல யுரேனியம் எவ்வளவுன்னு சொல்லிடுது. நீங்க ஒரு சாம்பிளுக்கு ஒரு வாரம் எடுத்துக்கிட்டு என்னதான் செஞ்சீங்க?"

கோபம் வந்தது உண்மை. பிரிக்பீல்ட்ஸ் வீட்டின் பால்கனியில் நின்றுகொண்டு என்ன பதில் போடலாம் என்று காரசாரமாக யோசித்தேன். கொஞ்ச நேரம் போனதும் அவள் கேட்டதில் நியாயம் இருப்பதாகப் பட்டது. அந்த ஒரு வாரம் நானும் என் மேலதிகாரியும் என்ன செய்தோம் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. டெங்கில் பக்கத்துக் கோயில் கிணறு ஒன்றின் கதையைச் சொன்னால் அது தானாக விளங்கும். மெஷின்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நல்ல மெஷின்தான்.

நான் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்கு ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் வேலை. வேதியியலில் டிப்ளோமா முடித்து அந்தச் சோதனைக்கூடத்தில் சேர்ந்தபோது யுரேனியம் என்றால் வெடிகுண்டு என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. "கல்யாணம் ஆகவேண்டிய பொண்ணு, அந்தப் பாழாப்போன வேலை எதுக்கு?" என்று கேட்டுவிட்டு அம்மா சில நாள் என்னோடு பேசவில்லை. முதல் இரண்டு வருடம் கண்ணாடி கழுவினேன், அமிலம் கலந்தேன், மறுபடியும் கண்ணாடி கழுவினேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

எங்கள் மலாய் நாட்டு மலைகளின் கருங்கல்லில் யுரேனியம் மிகக் கொஞ்சமாக இருக்கிறது. நிலத்தடி நீர் அந்தக் கல்லின் இடுக்குகளில் ஊறி வரும்போது அதில் சிறிதளவு கரைந்துவிடும். பெரும்பாலான கிணறுகளில் பயப்பட ஒன்றுமில்லை. சில இடங்களில் மட்டும் குடிநீருக்கு வைத்திருக்கும் அளவைத் தாண்டும். தண்ணீரில் வரும் யுரேனியத்தால் கதிர்வீச்சைவிடச் சிறுநீரகத்துக்குத்தான் கெடுதல் அதிகம். கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத் தெரியாது, கொதிக்க வைத்தாலும் போகாது. அதைத் தண்ணீரிலிருந்து பிரித்து எடுப்பதுதான் என் வேலை.

ஹேமாவின் கேள்விக்கு இப்போது நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் வந்ததும் முதலில் நைட்ரிக் அமிலம். அடுத்தது ட்ரேசர். இது இயற்கையில் இல்லாத ஒரு வகை யுரேனியம், அளந்து சில துளிகள் விடுவோம். கடைசியில் அதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்த்தால் வழியில் எவ்வளவு தவறவிட்டோம் என்பது தெரிந்துவிடும். அதன் பிறகு கொஞ்சம் இரும்பு உப்பு. பிறகு கொதிக்க வைக்க வேண்டும். இந்தக் கொதிதான் முக்கியம். கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு யுரேனியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதை விரட்டாமல் அடுத்த படிக்குப் போனால் யுரேனியம் தண்ணீரிலேயே தங்கிவிடும், நாம் வெறும் இரும்பைப் பிரித்துவிட்டு வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுவோம்.

கொதித்து ஆறியபின் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். தெளிவாக இருந்த தண்ணீர் பால் திரிவது மாதிரி பழுப்பாகத் திரியும். அந்த இரும்போடு ஒட்டிக்கொண்டு யுரேனியமும் அடியில் இறங்கிவிடும். அடியில் தங்கியதைக் கெட்டியான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, ரெசின் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் ஊற்றுவோம். ரெசின் என்பது கசகசா அளவில் பழுப்பு மணிகள். யுரேனியம் அந்த மணிகளில் தங்கும், தோரியமும் ரேடியமும் கீழே ஓடிவிடும். குழாயில் மஞ்சளாக ஒரு பட்டை தெரியும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அதைக் காட்டி யுரேனியம் என்பார்கள். அது இரும்பு. வேறோர் அமிலம் விட்டு இரும்பைக் கழற்றியபின் மெலிந்த அமிலம் விட்டால்தான் யுரேனியம் இறங்கி வரும். அதைச் சின்ன எஃகு வட்டு ஒன்றில் மின்சாரம் கொடுத்துப் படிய வைத்து, எண்ணும் கருவிக்குள் வைப்போம். இவ்வளவு பாடுபட்ட பிறகும் வட்டில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

இதையெல்லாம் என்னைச் செய்ய வைத்தவர் டாக்டர் சியூ. ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வேலை தவறிவிட்டால் என் பக்கத்தில் வந்து நிற்பார். என்னைப் பார்க்க மாட்டார், கழுவுதொட்டியைப் பார்ப்பார். "மானா பெர்கி?" என்பார். எங்கே போனது என்று மலாயில் கேட்கிறார். போட்ட ட்ரேசரில் பத்தில் எட்டுதான் திரும்பி வந்தது என்றால் மீதி இரண்டு எங்கே? கண்ணாடிச் சுவரிலா, குழாயில் ஓடியதிலா, கொட்டிய தண்ணீரிலா? அவருக்கு விடை தெரியும்வரை ஒரு துளியைக்கூடத் தொட்டியில் கொட்டக் கூடாது. கழுவிய தண்ணீர், வடிகட்டிய தண்ணீர் எல்லாவற்றையும் சீசாவில் பிடித்துப் பெயர் ஒட்டி அடுக்கி வைப்பேன். என் மேசை ஊறுகாய்க் கடை மாதிரி இருக்கும்.

அவரிடம் இன்னொரு பிடிவாதமும் இருந்தது. அறிக்கையில் எண் மட்டுமே எழுதுவார். வாடிக்கையாளர் காரணம் கேட்டால், "காரணம் வேண்டுமென்றால் ஜோசியரிடம் போகச் சொல்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவார். கண்ணால் பார்க்காததை அவர் எழுதியதே இல்லை. இதற்காக நான் அவரை எத்தனையோ முறை மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

இனி கிணற்றுக்கு வருகிறேன்.

டெங்கிலைத் தாண்டி ஈயம் தோண்டி விட்டுப்போன ஒரு பழைய குட்டையின் ஓரத்தில் மாரியம்மன் கோயில் ஒன்று இருந்தது. ரப்பர் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது மற்றத் தொழிலாளர்கள் போய்விட, எட்டுக் குடும்பங்கள் மட்டும் கோயிலைச் சுற்றி நின்றுவிட்டன. நிலம் அவர்கள் பெயரில் இல்லை. அதனால் அரசாங்கக் குழாய்த் தண்ணீர் வரவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் போட்டுக் கொடுத்த ஆழ்குழாய்க் கிணறுதான் கோயிலுக்கும் வீடுகளுக்கும். அந்தத் தண்ணீரைச் சோதித்தபோது யுரேனியம் அளவைத் தாண்டியிருந்தது. மாவட்டச் சுகாதார அதிகாரி நல்ல மனிதர். வடிகட்டி பொருத்தி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்ணீரைச் சோதித்துக் காட்டினால் கிணற்றைத் திறந்தே வைக்கலாம் என்றார். இல்லாவிட்டால் மூட வேண்டும். கிணற்றை மூடினால் எட்டு வீடும் காலியாகும். நிலத்துக்காரர் அதற்குத்தான் காத்திருந்தார்.

வடிகட்டி என்றால் ஆளுயரத் தொட்டி. அதற்குள்ளும் ரெசின்தான். கிணற்றுத் தண்ணீர் உள்ளே போகும், மணிகள் யுரேனியத்தைப் பிடித்துக்கொள்ளும், குழாயில் நல்ல தண்ணீர் வரும். கோயிலையும் கிணற்றையும் பார்த்துக்கொண்டவர் மாரிமுத்து அண்ணன். போர்ட் கிள்ளானில் கொள்கலன் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கோயில் சாவி, பம்பு சாவி, வடிகட்டி எல்லாம் அவர் பொறுப்பு. சாம்பிள் சீசாக்களை ஈரத்துண்டில் சுற்றி மோட்டார்சைக்கிளில் அவரே கொண்டுவருவார். கிணற்றிலிருந்து ஒன்று, வடிகட்டிக்குப் பிறகு குழாயிலிருந்து ஒன்று.

"பாத்துச் செய்யி தங்கச்சி. எட்டு வீட்டு உசுரு இதுல இருக்கு" என்பார்.

"நான் செய்யிறதுல ஒண்ணும் இல்லண்ணே. தண்ணியில என்ன இருக்கோ அதான் வரும்" என்பேன்.

குழாய்த் தண்ணீர் ஒவ்வொரு முறையும் சுத்தமாக வந்தது. கிணற்றுத் தண்ணீர்தான் வம்பு செய்தது. முதல் ஆண்டு ஒரே அளவில் நின்ற எண் பிறகு ஏறத் தொடங்கியது. அடுத்த முறை இன்னும் ஏறியது. கல்லிலிருந்து வரும் யுரேனியம் இப்படிப் படியேறாது. மூன்றாவது முறையும் ஏறியதும் அதிகாரி முகத்தைச் சுருக்கினார். காரணம் தெரியாமல் ஏறிக்கொண்டே போகும் கிணற்றில் வடிகட்டியை நம்பி மக்களை விட முடியாது, அடுத்ததும் ஏறினால் மூடிவிடுவேன் என்று கோயில் கமிட்டிக்குச் சொல்லிவிட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அடுத்த சாம்பிள் வந்தது. கையாளச் சுலபமாக இருக்கட்டும் என்று தண்ணீரைச் சூடாக்கி வற்ற வைத்துக்கொண்டிருந்தேன். சாதாரணமாகக் கண்ணாடியின் அடியில் மெல்லிய பழுப்பு வளையம் ஒன்று படியும். அன்று வெள்ளையாக, பொருக்குப் பொருக்காகக் கட்டியிருந்தது. நான் ஏதோ தவறாகக் கலந்துவிட்டேன் என்று நினைத்துப் புதிதாக ஆரம்பித்தேன். மறுபடியும் அதே வெள்ளை. ஒரு துளி வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார்த்தேன். தயிர் மாதிரி உறைந்தது. உப்பு. சமையல் உப்பு.

டாக்டர் சியூ வந்து குனிந்து பார்த்தார். "கடல் டெங்கிலுக்கு வந்துவிட்டதா?" என்று மலாயில் கேட்டார். அவர் கேலி பேசுவது அபூர்வம். உடனே நேராக நிமிர்ந்து, "அந்த வடிகட்டியில் தங்கின யுரேனியம் இத்தனை நாளாக எங்கே இருக்கிறது?" என்றார்.

"ரெசினில்தான்."

"பார்த்தாயா?"

நான் பார்க்கவில்லை. மறுநாளே இருவரும் அவருடைய காரில் டெங்கிலுக்குப் போனோம்.

கோயில் வாசலில் கொடிமரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி. அதில் முக்கால் அளவுக்குக் கல்லுப்பு, நடுநடுவே மிளகு. டாக்டர் சியூ அதையே பார்த்துக்கொண்டு நின்றார். உடம்பில் மரு வந்தாலோ கட்டி வந்தாலோ தீராத நோய் ஏதாவது வந்தாலோ, உப்பு கரைவதுபோல அதுவும் கரைந்து போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அம்மனுக்கு உப்பும் மிளகும் போடுவார்கள் என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார். பிறகு மாரிமுத்து அண்ணனிடம், வடிகட்டியை எப்படிப் பராமரிக்கிறீர்கள் என்று கேட்டார்.

அண்ணன் பெருமையாகவே சொன்னார். "வடிகட்டி போட்ட ஆளு சொல்லிக் குடுத்தான். மாசம் ஒரு தரம் கெட்டியா உப்புத் தண்ணி விட்டுக் கழுவணும், அப்பத்தான் உள்ள இருக்கிற மணி புதுசா ஆகும்னான். நாங்க ஏன் கடையில உப்பு வாங்கணும்? அம்மனுக்குப் போட்டது மூட்டை மூட்டையா கெடக்கு. மெளக சலிச்சு எடுத்துட்டு அதையே கரைச்சு விட்டுடுவேன். ஒரு மாசம்கூட தவறுனதில்ல."

அந்த ஆள் வீட்டுக் குழாய் வடிகட்டிகள் விற்பவன். கடின நீரை மென்மையாக்கும் வடிகட்டிக்கு அவன் சொன்னது சரிதான். யுரேனியத்தைப் பிடித்த ரெசினில் கெட்டியான உப்புத் தண்ணீரை விட்டால், மாதம் முழுவதும் பிடித்து வைத்ததை மணிகள் அப்படியே கைவிட்டுவிடும். எல்லாம் நாலைந்து வாளிக் கழுவுநீரில் வந்து சேர்ந்துவிடும்.

"கழுவுன தண்ணிய எங்கண்ணே விட்டீங்க?" என்று கேட்டேன்.

"சாக்கடையில விட முடியுமா தங்கச்சி? அம்மன் உப்பு. நாலு பேரு மிதிக்கிற எடத்துல கொட்டுனா பாவம். பின்னாடி பழைய கெணறு ஒண்ணு இருக்கு. தோட்ட காலத்துல வெட்டுனது, இப்ப யாரும் பொழங்குறதில்ல. அங்கதான் ஊத்துவேன். கால் படாத எடம்."

பழைய கிணறு ஆழ்குழாய்க் கிணற்றுக்குக் கொஞ்சம் மேட்டில் இருந்தது. அங்கே ஊற்றியது மண்ணுக்குள் இறங்கி, சும்மா இராமல் ஆழ்குழாய்க்கே போய்க்கொண்டிருந்தது. நிலத்தடியில் சிதறிக் கிடந்ததையெல்லாம் வடிகட்டி சேர்த்துக் கொடுக்க, அண்ணன் அதைப் பக்தியோடு கொண்டுபோய் ஒரே இடத்தில் ஊற்றியிருக்கிறார்.

"கழுவி முடிஞ்சிருச்சுன்னு எப்படித் தெரியும் அங்கிள்?" என்று டாக்டர் சியூவே நேரடியாகக் கேட்டார். தமிழில் அவருக்குத் தெரிந்த ஒரு சில வாக்கியங்களில் இப்படிப் பேசுவது உண்டு.

"நாக்குல வெச்சுப் பாப்பேன் லா, டாக்டர். கரிச்சா இன்னும் ஓடணும். கரிக்கலன்னா நிறுத்திட்டு வீடுகளுக்குத் தொறந்துவிடுவேன். பிள்ளைங்க குடிக்கிற தண்ணியில உப்பு போயிடக் கூடாதுல்ல."

நான் அண்ணனின் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டர் சியூ பழைய கிணற்றில் கயிறு கட்டி ஒரு சீசாவை இறக்கினார்.

அந்த சாம்பிளை நான் மறக்க மாட்டேன். கொதிக்க வைத்து, இரும்போடு இறக்கி, குழாயில் விட்டு, இரும்பைக் கழற்றி, கடைசி அமிலத்தைச் சூட்டில் வற்ற வைத்தபோது கண்ணாடியின் அடியில் மஞ்சளாக ஒரு கறை நின்றது. இரும்பு ஏற்கெனவே போய்விட்டது. இத்தனை வருட வேலையில் அன்றுதான் நான் யுரேனியத்தைக் கண்ணால் பார்த்தேன். அழகான நிறம், எலுமிச்சைத் தோல் மாதிரி. எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை பலித்த சந்தோஷம் ஒரு பக்கம், அண்ணனிடம் இதை எப்படிச் சொல்வது என்ற பயம் மறுபக்கம்.

டாக்டர் சியூ அறிக்கை எழுதினார். ஆழ்குழாய்க் கிணறு, இவ்வளவு. பழைய கிணறு, இவ்வளவு. குழாய்த் தண்ணீர், இவ்வளவு. அவ்வளவுதான்.

"காரணத்தையும் எழுதுங்கள், டாக்டர்" என்றேன். "ஊற்றியதால் வந்தது என்றால் இறைத்து வெளியே எடுத்துவிடலாம். அது தெரிந்தால் அதிகாரி மூட மாட்டார். எண்ணை மட்டும் பார்த்தால் மூடிவிடுவார்."

"தண்ணீரை நான் பார்த்தேன். அவர் ஊற்றியதை நான் பார்க்கவில்லை."

"அவரே நம்மிடம் சொன்னாரே."

"நம்மிடம் கிணற்றுக்குப் பக்கத்தில் நின்று சொன்னார். அதை ஒரு காகிதத்தில் எழுதி, அவர் பெயரைப் போட்டு, அவருக்குத் தெரியாமல் நான் அனுப்ப மாட்டேன். சொல்ல வேண்டும் என்றால் அவர்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

அன்று மாலை முழுக்க அவர்மேல் எனக்குக் கோபம். சனிக்கிழமை நானே காரை எடுத்துக்கொண்டு டெங்கிலுக்குப் போனேன். மாரிமுத்து அண்ணன் கோயிலின் பின்பக்கம் குழாய் ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அவர் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கவே இல்லை.

"அப்ப நான்தானா?" என்றார்.

"வேணும்னு செய்யலியே அண்ணே."

"வேணும்னு செஞ்சா என்ன, வேணாம்னு செஞ்சா என்ன. தண்ணிக்கு அது தெரியுமா?" பிறகு, "நாளைக்கு கமிட்டி கூட்டத்துக்கு அதிகாரி வராரு. நான் சொன்னா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"கெணறு தப்பிக்கும்னு நெனைக்கிறேன். உங்க பேரு என்னாகும்னு எனக்குத் தெரியாது."

மறுபடியும் குழாயைத் திருக ஆரம்பித்தார். நான் கிளம்பும்போதும் திருகிக்கொண்டேதான் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் கொட்டகையில் எட்டு வீட்டாரும் வந்திருந்தார்கள். கமிட்டித் தலைவர், அதிகாரி, டாக்டர் சியூ, நான். அதிகாரி அறிக்கையை மலாயில் படித்து, இந்த எண்களை வைத்துக்கொண்டு தனக்கு வேறு வழி தெரியவில்லை என்றார். தலைவர் வாயைத் திறப்பதற்குள் மாரிமுத்து அண்ணன் எழுந்து நின்றார். முதலில் அதிகாரியைப் பார்த்து மலாயில் சொன்னார். பிறகு திரும்பி, தன் ஆட்களுக்குத் தமிழில் சொன்னார்.

"கெணத்துல வெசம் தானா வரல. நான்தான் ஊத்துனேன். வடிகட்டி கழுவுன தண்ணிய மாசா மாசம் பழைய கெணத்துல ஊத்துனது நான்தான். அது திரும்ப நம்ம தண்ணிக்கே வந்துருச்சு. எறைச்சு எடுத்துடலாம்னு இவங்க சொல்றாங்க. என்ன செய்யணுமோ செய்யிங்க. சாவி இந்தா இருக்கு." சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார்.

ஒருவர் எழுந்து வெளியே போனார். அவருடைய மகனுக்குச் சிறுநீரகத்தில் கல் என்று பிறகு கேள்விப்பட்டேன். அண்ணன் நின்றபடியே இருந்தார். அந்த நிமிடத்தில் நான் டாக்டர் சியூவை வெறுத்தேன் என்றே சொல்ல வேண்டும்.

முன்வரிசையில் சரோஜா அக்கா உட்கார்ந்திருந்தார். கடைசி வீட்டுக்காரர், கோயிலில் அன்னதானத்துக்குச் சமைப்பவர். வாய்க்குப் பேர் போனவர் என்று அண்ணனே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

"ஊத்துனது நீங்கண்ணே, சரி" என்றார் உட்கார்ந்தபடியே. "உப்பு கொண்டாந்து கொட்டுனது யாரு? எங்க வீட்டு மருவு, எங்க வீட்டுக் கட்டி, எங்க வீட்டு நோவு. நாங்கதான கொட்டிட்டு, திரும்பிப் பாக்காம வீட்டுக்குப் போனோம்? அள்ளிப் போட்டு சுத்தம் பண்ண ஒரு மனுசன் இருந்தாரு, அவரு செஞ்சாரு." பிறகு என் பக்கம் திரும்பினார். "மேடம், எறைக்கணும்னா எத்தன வாளி வேணும்? எங்கிட்ட நாலு இருக்கு."

அதிகாரிக்கு நான் அதை மலாயில் சொன்னேன். அவர் அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, அடுத்த சாம்பிள்வரை பொறுப்பதாகச் சொன்னார்.

இறைக்கும் வேலைக்கு முறையான அனுமதி வாங்கித் தந்தவரும் அவர்தான். உப்புத் தண்ணீரில் ரெசின் சரியாகப் பிடிக்காது. அதனால் என் மேசையில் செய்வதையே டாக்டர் சியூ பெரிய பிளாஸ்டிக் பீப்பாய்களில் செய்ய வைத்தார். தண்ணீரை இறைத்து ஊற்றி அமிலம் சேர்ப்போம். பீப்பாயைக் கொதிக்க வைக்க முடியாது. அதனால் டயர் கடையிலிருந்து காற்றடிக்கும் கம்ப்ரசரை வாங்கி வந்து, விடாமல் காற்று விட்டுக் கரியமில வாயுவைத் துரத்தினோம். பிறகு இரும்பு உப்பு, அதன்பின் அம்மோனியா போன்ற ஒரு காரம். பீப்பாயின் அடியில் பழுப்புச் சேறு இறங்கும். கலக்குவதற்கு அன்னதான அண்டாவின் கரண்டியைச் சரோஜா அக்கா எடுத்து வந்துவிட்டார். அதை வாங்கி ஒளித்து வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மேலே தெளிந்த தண்ணீரைச் சோதித்த பிறகுதான் வெளியே விட்டோம். சேற்றை இரும்புப் பீப்பாயில் அடைத்து, அதை வைத்துக்கொள்ள உரிமம் பெற்ற இடத்துக்கு அனுப்பினோம். கிணறு மறுபடி ஊற, மறுபடி இறைக்க என்று பல வாரம் ஓடியது. எட்டு வீட்டிலிருந்தும் ஆள் வந்தது. வெளியே எழுந்து போன அந்த மனிதரும் இரண்டாவது வாரம் கையுறை கேட்டு வந்து நின்றார்.

அண்ணனைச் சிறுநீரகச் சோதனைக்கு நான்தான் வற்புறுத்தி அனுப்பினேன். நாக்கில் வைத்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தானே. துப்பிவிடுவேன் என்று சாதித்தார். மருத்துவமனை டாக்டர் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றதும்தான் எனக்கு மூச்சு வந்தது. ரெசினை இனி கழுவுவதில்லை, நிறைந்தால் மாற்றுவது என்று முடிவாயிற்று. அம்மன் உப்பை மூட்டையாகக் கட்டி, போர்ட் கிள்ளான் போகும் லோரியில் ஏற்றிக் கடலில் கரைத்துவிட ஏற்பாடு செய்தார்கள்.

அடுத்த சாம்பிளில் எண் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் இறங்கி, கல்லிலிருந்து இயல்பாக வரும் பழைய அளவுக்கே வந்துவிட்டது. அதிகாரி கிணற்றைத் திறந்தே வைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். டாக்டர் சியூ என் பக்கத்தில் வந்து நின்றார். "நீ போன் செய்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மாரிமுத்து அண்ணனை அழைத்தேன். எண்ணைச் சொன்னேன். கிணற்றை மூடமாட்டார்கள் என்றேன்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. இத்தன நாளு வீட்டுக் கொழாயில போன தண்ணியில அது போயிருக்கா? பிள்ளைங்க யாராச்சும் குடிச்சிருக்காங்களா?"

எனக்கு எந்தக் காகிதத்தையும் பார்க்கத் தேவையிருக்கவில்லை. குழாய்த் தண்ணீர் சாம்பிள் ஒவ்வொன்றையும் ஆரம்பத்திலிருந்து என் கையால்தான் செய்திருக்கிறேன்.

"இல்லண்ணே. வடிகட்டி தாண்டி வந்த தண்ணி நான் பாத்த ஒரு தரமும் கெட்டதில்ல. கரிக்குதான்னு பாத்து, நல்லா ஓட விட்டுட்டுத்தான தொறந்தீங்க? அதனாலதான்."

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"நீ வந்து சொன்ன அன்னியிலேருந்து இந்தத் தண்ணிய நான் வாயில வெக்கல தங்கச்சி" என்றார். "பயத்துல இல்ல. எனக்கு அந்தத் தகுதி இல்லன்னு இருந்துச்சு. டெங்கில் பாசார் கடையில போத்தல் தண்ணி வாங்கி, வீட்டுக்காரிக்குத் தெரியாம குடிச்சிக்கிட்டு இருந்தேன்."

"அண்ணே..."

"சரி, வெச்சிடுறேன்மா. போயி ஒரு கிளாசு தண்ணி குடிச்சுட்டு வரேன்."